குசினியில் ஒரு கற்பனை நோயாளி

"அப்பா, ஒரு அரை மணித்தியாலம் இருக்கேலுமோ?" என்று மகள் கேட்டால் அது வழக்கமாகக் காசு சம்பந்தப்பட்ட கதையாக இருக்கும். அன்று அவள் கையில் இருந்தது ஒரு மெல்லிய புத்தகம். மூலையெல்லாம் மடிந்து, பக்கத்துக்குப் பக்கம் மஞ்சளும் பச்சையும் இளஞ்சிவப்புமாக மை தீட்டி, ஓரம் முழுக்கப் பென்சில் கிறுக்கல். "நீங்கள் ஆர்கானை வாசியுங்கோ, மிச்ச எல்லாரையும் நான் வாசிக்கிறன்" என்றாள். ஆர் அந்த ஆர்கான் என்று கேட்டேன். "ஒரு வருத்தமும் இல்லாமல் தான் நோயாளி எண்டு நினைச்சுக்கொண்டு கதிரையை விட்டு எழும்பாத மனுசன். உங்களுக்குப் பொருந்தும்" என்றாள்.

இது 2023 சித்திரை விடுமுறையில். அவள் அப்போது பதினோராம் வகுப்பு. பிரான்சில் பிள்ளை வளர்க்காதவர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். இங்கே 'பக்' என்கிற பெரிய சோதனை பன்னிரண்டாம் வகுப்பின் முடிவில்தான், ஆனால் அப்போது பிரெஞ்சுப் பாடத்தை மட்டும் ஒரு வருடம் முன்னதாகவே எழுதி முடித்துவிட வேண்டியிருந்தது. நாலு மணித்தியாலம் எழுத்துச் சோதனை, இருபது நிமிடம் வாய்மொழிச் சோதனை. கவிதை, நாவல், நாடகம், கருத்திலக்கியம் என்று நாலு வகை. ஒவ்வொன்றுக்கும் கல்வி அமைச்சு மூன்று படைப்புகளைக் குறித்துக் கொடுக்கும், அதில் ஒன்றை ஆசிரியர் தெரிவு செய்வார். அந்த வருடம் நாடகத்துக்கு மொலியேர், மரிவோ, லகார்ஸ் என்று மூன்று பேர். மகளின் ஆசிரியை எடுத்தது பதினேழாம் நூற்றாண்டு நாடகாசிரியர் மொலியேரின் 'லு மலாத் இமாஜினேர்', அதாவது கற்பனை நோயாளி.

வாய்மொழிச் சோதனையில் என்ன நடக்கும் என்றால், வருடம் முழுக்கப் படித்த பகுதிகளின் பட்டியலில் ஒன்றைப் பரிசோதகர் விரலால் காட்டுவார். அரை மணித்தியாலம் ஆயத்தம். பிறகு உள்ளே போய் அந்தப் பகுதியை முதலில் உரத்து வாசிக்க வேண்டும், அதற்கு இரண்டு புள்ளி. வரிவரியாக விளக்க எட்டு. இலக்கணக் கேள்வி ஒன்றுக்கு இரண்டு. அதற்குப் பிறகு தானே தெரிவு செய்த ஒரு படைப்பைப் பற்றிக் கதைக்க வேண்டும், அதற்கு எட்டு. உரத்து வாசிக்கிற அந்த இரண்டு புள்ளிக்குத்தான் என்னைப் பிடித்திருந்தாள். நாடகம் என்றால் எதிரே ஒருவர் இருந்தால்தானே குரல் வரும். தம்பியைக் கேட்டுப் பார்த்திருக்கிறாள், அவன் ஐந்து யூரோ கேட்டிருக்கிறான்.

என் பிரெஞ்சைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பாரிசில் லா ஷாப்பேல் பக்கம் ஒரு பலசரக்குக் கடையின் பின்னறையில் முருங்கைக்காய்ப் பெட்டி பிரித்துக்கொண்டே படித்த பிரெஞ்சு அது. வேலைக்குப் போதும், வாதாடப் போதாது. இங்கே பிரெஞ்சைக் கொஞ்சம் பெருமையாகச் சொல்ல வேண்டுமென்றால் 'மொலியேரின் மொழி' என்பார்கள். வந்த புதிதில் மொழி வகுப்பில், பிறகு அலுவலகப் பேச்சில், தொலைக்காட்சியில், எத்தனையோ தடவை அந்தச் சொல் காதில் விழுந்திருக்கிறது. இருபது வருடத்துக்கு மேல் அந்த மனுசனின் மொழியில் கருவேப்பிலை விற்றிருக்கிறேன், அவருடைய ஒரு வரிகூட வாசித்ததில்லை.

சரி, முதல் காட்சி. ஆர்கான் தனியாக இருக்கிறார். முன்னால் மேசை, கையில் எண்ணுகிற சில்லுகள். மருந்துக்கடைக்காரர் ஃப்ளோரான் அனுப்பிய கணக்கைச் சரிபார்க்கிறார். மூன்றும் இரண்டும் ஐந்து, இன்னும் ஐந்து பத்து, இன்னும் பத்து இருபது. பிறகு ஒவ்வொரு உருப்படியாக வாசிக்கிறார். இருபத்துநாலாம் திகதி, ஐயாவின் குடலை இளக்கி, நனைத்து, குளிரப்பண்ண ஒரு சிறிய எனிமா, முப்பது சோல் (அந்தக் காலத்துச் சில்லறைக் காசு). இந்த இடத்தில் ஆர்கான் நிறுத்தி, ஃப்ளோரானிடம் தனக்குப் பிடித்ததே அவருடைய கணக்கு எப்போதும் மரியாதையாக இருப்பதுதான் என்கிறார். 'ஐயாவின் குடல், முப்பது சோல்.' ஆனால் மரியாதை மட்டும் போதாது ஐயா, நியாயமும் வேண்டும், நோயாளியின் தோலை உரிக்கக்கூடாது. போன கணக்குகளில் இதற்கு இருபதுதானே போட்டிருந்தீர், மருந்துக்கடை பாஷையில் இருபது என்றால் பத்து, இந்தாரும் பத்து.

நான் வாசிப்பதை நிறுத்திவிட்டுச் சிரித்தேன். சும்மா இல்லை, புரையேறிச் சிரித்தேன். ஏனென்றால் இந்த மனுசனை எனக்குத் தெரியும். மாத முடிவில் மொத்த வியாபாரிகளின் பில்லைச் சரிபார்ப்பது என் வேலை. பத்துப் பெட்டி வந்த இடத்தில் பன்னிரண்டு போட்டு, மேலே 'அன்பார்ந்த நண்பருக்கு' என்று எழுதியிருக்கும். அதைவிட, வீட்டுக்கு வருகிற கடிதங்கள். தவறுதலாக உங்களுக்குக் கூடுதலாகத் தந்துவிட்டோம், இந்தத் திகதிக்குள் இவ்வளவு திருப்பிக் கட்டவும் என்று எழுதிவிட்டு, கடைசியில் 'ஐயா, எமது மேலான வணக்கங்களை ஏற்றருள வேண்டுகிறோம்' என்று முடித்திருப்பார்கள். குடல் உன்னுடையது, முப்பது சோல் என்னுடையது, நடுவில் 'ஐயா'. 1673இல் மேடையேறிய நாடகத்தில் என் கடிதப்பெட்டி இருந்தது.

மகளுக்குச் சிரிப்பு வரவில்லை. "அப்பா, இது சொல் நகைச்சுவை" என்றாள். ஓரத்தில் அப்படித்தான் எழுதியிருந்தது, பச்சை மையில். மஞ்சள் என்றால் மருத்துவச் சொற்புலம். இளஞ்சிவப்பு மிகைப்படுத்தல். அடைப்புக்குறிக்குள் சாய்வெழுத்தில் வருகிற மேடைக்குறிப்புக்கு ஒரு பெயர், தனக்குள் பேசுவதற்கு ஒரு பெயர், படபடவென்று ஒருவரி ஒருவரியாகப் பேசிக்கொள்வதற்கு ஒரு பெயர், ஆளை மாற்றி விளங்கிக்கொள்வதற்கு ஒரு பெயர். அந்தக் காட்சியில் ஒரு கிழவர் தன் பேதிக் கணக்கைக் கூட்டிக்கொண்டிருக்கிறார் என்பதைத் தவிர மற்ற எல்லாம் அவளுக்குத் தெரிந்திருந்தது.

பேதி என்றதும் ஊர் நினைவு வந்துவிட்டது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூட விடுமுறையில் ஒரு நாள் பேதி குடிக்கிற நாள். விடியக்காலமை மூக்கைப் பொத்திப் பிடித்து ஆமணக்கெண்ணெயை வார்த்துவிடுவார்கள், மத்தியானம் வரைக்கும் கிணற்றடியும் கக்கூசும்தான், பிறகு மிளகு ரசமும் சோறும். அதை மகளுக்குச் சொல்லி, ஆர்கான் கணக்கின் கடைசி வரிக்குப் போனோம். இந்த மாதம் எட்டு மருந்தும் பன்னிரண்டு எனிமாவும், போன மாதம் பன்னிரண்டு மருந்தும் இருபது எனிமாவும். ஆகவே இந்த மாதம் போன மாதத்தைப் போலச் சுகமாக இல்லாததில் ஆச்சரியம் இல்லை என்று முடிவுகட்டுகிறார். அப்போதுதான் மகளுக்கு முதல்முறையாக உதடு வளைந்தது. "கூட எடுத்திருந்தால் செத்திருப்பார்" என்றாள். ஓம், அதுதான் பகிடி. அதற்கு எந்த மையும் தீட்டியிருக்கவில்லை.

கதையைச் சுருக்கமாகச் சொன்னால், ஆர்கானுக்குத் தன் வீட்டிலேயே ஒரு மருத்துவர் வேண்டும், ஆகவே மூத்த மகள் ஆன்ஜெலிக்கை ஒரு மருத்துவனுக்குக் கட்டிக்கொடுக்கப் பார்க்கிறார். அவள் மனதில் கிளேயான்த் என்று வேறு ஒருவன். இரண்டாம் தாரம் பெலினுக்குச் சொத்தின் மேல் கண், மூத்த தாரத்துப் பெண்பிள்ளைகளை மடத்துக்கு அனுப்பிவிட்டால் நல்லது. வேலைக்காரி துவானெத்துக்குத்தான் வீட்டில் எல்லாரையும்விட மூளை. ஆர்கானின் சகோதரர் பெரால்ட் நியாயம் கதைப்பார். முடிவு எப்படி இருக்கும் என்று யாருக்கும் சந்தேகம் வராது, இந்த வகை நாடகத்துக்கு அதுவும் தேவையில்லை.

நாங்கள் அதிக நாள் நின்றது மாப்பிள்ளை வருகிற இடத்தில். தொமா தியாஃபுவாருஸ். தகப்பனும் மருத்துவர், மகனும் புதிதாகப் படித்து முடித்த மருத்துவன். தகப்பன் முன்னிலையில் அவன் மனப்பாடம் செய்த பாராட்டுரைகளை ஒவ்வொன்றாக எடுத்துவிடுகிறான். மாமனாருக்கு ஒன்று, மாமியாருக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று. பெண்ணைப் பார்த்து மாமியார் என்று நினைத்து மாமியாருக்கு உரியதைத் தொடங்கிவிடுகிறான். திருத்தியதும் மெம்னோன் சிலை, சூரியனைப் பார்த்துத் திரும்பும் பூ என்று அடுத்ததை ஒப்பிக்கிறான். தகப்பன் பெருமையாகச் சொல்லுகிற அவனுடைய சின்ன வயதுக் கதை வேறு: ஒன்பது வயதிலும் எழுத்துத் தெரியாது, பிந்திக் காய்க்கிற மரம்தான் நல்ல பழம் தரும். இரத்தம் உடம்பில் சுற்றி ஓடுகிறது என்கிற புதுக் கருத்தை எதிர்த்து ஒரு ஆய்வுரையும் எழுதி வைத்திருக்கிறான், அதைச் சுருட்டி எடுத்துப் பெண்ணுக்குப் பரிசாக நீட்டுகிறான். (ஆங்கில மருத்துவர் ஹார்வி அதை அச்சில் நிரூபித்தது 1628இல். நாற்பத்தைந்து வருடம் கழித்தும் பாரிசில் இதற்குச் சண்டை.) பொழுதுபோக்குக்கு அவளை எங்கே கூப்பிடுகிறான் தெரியுமா, ஒரு பெண்ணின் பிணத்தை அறுக்கிறார்கள், வந்து பாருங்கள் என்று.

இந்தக் காட்சி அவளுடைய பட்டியலில் இருந்தது. விளக்கவுரையை ஆசிரியையின் குறிப்பை வைத்து எழுதி, ஏழு பக்கம், முழுசாகப் பாடமாக்கி வைத்திருந்தாள். எல்லாப் பகுதிக்கும் அப்படித்தான். அவள் மட்டும் இல்லை, அவள் சிநேகிதிகள் எல்லாரும் ரயிலில் நின்றுகொண்டே உதட்டை அசைத்தபடி போவார்கள், ஊரில் தேவாரம் பாடமாக்கின மாதிரி. அன்று இரவு நான் பரிசோதகர். கையில் தாளோடு குசினி மேசையில் உட்கார்ந்திருந்தேன், அவள் எதிரே. "இந்தப் பகுதி மூன்று அசைவுகளாகப் பிரிகிறது" என்று தொடங்கினாள், நல்ல வேகம், மூச்சுவிடவில்லை. பாதியில் அடுப்பில் பருப்புப் பொங்கிவிட்டது. நான் எழும்பி, "ஒரு நிமிசம் பிள்ளை" என்றேன்.

திரும்பி வந்து உட்கார்ந்தால் அவளால் தொடர முடியவில்லை. எங்கே விட்டாள் என்பதே தெரியவில்லை. திரும்ப முதலில் இருந்து, "இந்தப் பகுதி மூன்று அசைவுகளாக..." என்று வந்தாள், அதே இடத்தில் திரும்ப நின்றாள். கண் கலங்கிவிட்டது. "நீங்கள் ஏன் நடுவில எழும்பினீங்கள்?" என்று கத்தினாள். நான் என்ன சொல்வதென்று தெரியாமல் புத்தகத்தைப் புரட்டினேன், அடுத்த காட்சி. பெலின் உள்ளே வருகிறாள். தொமா அவளுக்கென்று வைத்திருந்த பாராட்டுரையைத் தொடங்குகிறான். அவள் நடுவில் ஒரு வார்த்தை பேசிவிடுகிறாள். அவ்வளவுதான், அவன் நின்றுவிடுகிறான். "அம்மணி, என் வாக்கியத்தின் நடுவில் குறுக்கிட்டுவிட்டீர்கள், அதனால் என் ஞாபகம் குழம்பிவிட்டது." தகப்பன் உடனே, "தொமா, அதை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்."

நான் அதைப் பிரெஞ்சில் வாசித்தேன், என்னுடைய உச்சரிப்பில். அவள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு வந்த சிரிப்பு இருக்கிறதே, தம்பி அறையிலிருந்து ஓடி வந்து என்னவென்று கேட்கிற அளவுக்கு. "அப்பா, தொமா எண்டால் நான்தான். எங்கட வகுப்பு முழுக்கத் தொமாதான்."

எனக்கு இன்றைக்கும் விளங்காத விஷயம் இது. பாடமாக்கி ஒப்பிக்கிறவனைப் போட்டுக் கிழிக்கிற நாடகம் ஒன்றை எடுத்து, நாடு முழுக்கப் பிள்ளைகளைப் பாடமாக்கி ஒப்பிக்க வைக்கிறார்கள். ஆசிரியர்களைக் குறை சொல்லவில்லை, பன்னிரண்டு நிமிடத்துக்குள் வாசித்து, விளக்கி, இலக்கணமும் சொல்ல வேண்டும் என்றால் பாடமாக்காமல் வேறு என்ன வழி. ஆனாலும் அமைச்சில் அந்தப் பட்டியலைப் போட்ட யாரோ ஒருவருக்கு இது தெரிந்திருக்கும், தனக்குள் சிரித்திருப்பார் என்றே நினைக்கிறேன்.

அடுத்த நாள் ஏழு பக்கத்தையும் எடுத்து வைத்துவிட்டு அவளே வேறு மாதிரித் தொடங்கினாள். வரியைப் பார்ப்பது, இவன் ஏன் இதை இப்போது சொல்கிறான் என்று கேட்பது, அதைச் சொந்த வாயால் சொல்வது. நான் வேண்டுமென்றே நடுவில் குறுக்கிடுவேன், தேத்தண்ணி வேணுமோ என்பேன், போனை எடுப்பேன். மூன்றாம் நாள் அவள் அசையவில்லை. கலைச்சொற்களை விடவும் இல்லை, அதற்குப் புள்ளி உண்டு. ஆனால் சொல்லை வைத்துக்கொண்டு பகிடியைத் தேடாமல், பகிடியைப் பிடித்த பிறகு அதற்குச் சொல்லைப் போடப் பழகினாள். இதற்கு ஏழு இரவு போனது, எனக்கு ஆர்கான் பாதி பாடமாகிவிட்டது.

மனைவி இந்தக் கூத்துக்குள் வந்தது மூன்றாம் அங்கத்தில். அதில் ஆர்கான் செத்தவர் மாதிரிக் கிடக்க வேண்டும், பெலின் உண்மையில் அழுவாளா என்று பார்ப்பதற்காக. நான் கதிரையில் தலையைச் சாய்த்து, வாயைத் திறந்து, கையைத் தொங்கவிட்டுக் கிடந்தேன். மகள் பெலினாக என் மேலே நின்று, சுவர்க்கத்துக்கு நன்றி, பெரிய பாரம் ஒன்று இறங்கியது என்று முகமெல்லாம் மலர உரத்து வாசித்துக்கொண்டிருந்தாள். வேலையால் வந்த மனைவி பையோடு வாசலில். "இஞ்சேருங்கோ, என்ன நடக்குது?" பெலினை அவள் எடுக்கட்டும் என்று மகள் கேட்டாள், மனைவி ஒரே அடியாக மாட்டேன் என்றுவிட்டாள், புருஷன் செத்தால் சிரிக்கிற வேஷம் தனக்கு வேண்டாமாம், விளையாட்டுக்கும் வேண்டாமாம். அதற்குப் பதிலாகத் துவானெத்தை எடுத்தாள்.

துவானெத் மருத்துவர் வேஷம் போட்டுக்கொண்டு வருகிற காட்சி தனி. தனக்குத் தொண்ணூறு வயது என்கிறாள். ஆர்கானின் நாடியைப் பிடித்துப் பார்த்து, உங்களுடைய மருத்துவர்கள் எல்லாரும் மடையர்கள், உங்களுக்கு வருத்தம் நுரையீரலில் என்கிறாள். தலைவலிக்கிறது என்றால், நுரையீரல். கண்ணுக்கு முன்னால் திரை விழுகிற மாதிரி இருக்கிறது, நுரையீரல். சாப்பிட்ட பிறகு நித்திரை வருகிறது, நுரையீரல், நுரையீரல்தான் என்கிறேனே. பிறகு ஒரு கையை வெட்டிவிடு, மற்றக் கைக்குப் போகிற சத்தை எல்லாம் இது இழுக்கிறது, வலது கண்ணைத் தோண்டிவிடு, இடது கண் தெளிவாகும். நுரையீரலுக்குப் பிரெஞ்சில் 'லு பூமோன்'. அதை மனைவி வெங்காயம் வெட்டிக்கொண்டே, நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்ன மாதிரி எந்த நடிகையும் சொல்லியிருக்க மாட்டார். இப்போதும் நான் முதுகு நோகிறது என்றால் எங்கள் வீட்டில் பதில் அதுதான். லு பூமோன்.

ஆனால் அந்தச் சொல்லுக்கு ஒரு மறுபக்கம் உண்டு, அதை மகள் சொல்லித்தான் அறிந்தேன். ஆர்கான் வேஷத்தில் நடித்தது மொலியேரே. அவருக்கு உண்மையில் நெஞ்சில் வருத்தம், இருமல், வருடக்கணக்காக. நுரையீரல் கெட்டுப்போன ஒரு மனுசன், ஒரு வருத்தமும் இல்லாத ஒருவனாக வேஷம் போட்டு, நுரையீரல் என்று சொல்லக் கேட்டு முழிக்கிறார், அரங்கம் சிரிக்கிறது. நாடகத்துக்குள்ளேயே மொலியேரின் பெயரும் வருகிறது. மருத்துவர்களை மேடையில் கேலி செய்கிறானே அந்த ஆள், நான் மட்டும் மருத்துவராக இருந்தால் அவன் வருத்தத்தில் கிடக்கும்போது ஒரு உதவியும் செய்யமாட்டேன், சாவு, சாவு என்பேன் என்று ஆர்கான் கத்துகிறார். அதைக் கத்துகிற வாய் மொலியேருடையது. அதற்குச் சகோதரர் பெரால்ட் சொல்லும் பதில், அவர் உங்களிடம் மருந்து கேட்கவே மாட்டார், வருத்தத்தைத் தாங்குகிற அளவுக்குத்தான் அவர் உடம்பில் பலம் இருக்கிறது, மருந்தையும் சேர்த்துத் தாங்க ஏலாது.

முதல் ஆட்டம் 1673 பெப்ரவரி 10, பலே-ருவாயால் அரங்கில். நாலாவது ஆட்டம் 17ஆம் திகதி. கடைசியில் ஆர்கானையே மருத்துவராக்கிவிடுகிற ஒரு விளையாட்டுச் சடங்கு வரும், அரைகுறை லத்தீனில் பாட்டும் ஆட்டமுமாக. அதில் 'ஜுரோ', சத்தியம் செய்கிறேன், என்று சொல்லுகிற இடத்தில் அவருக்கு வலிப்பு மாதிரி வந்திருக்கிறது, சிரித்து மறைத்திருக்கிறார். ஆட்டத்தை முடித்துவிட்டு ரிஷ்லியே தெருவில் இருந்த வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள், அன்றிரவே முடிந்துவிட்டது. வயது ஐம்பத்தொன்று. மேடையிலேயே செத்தார் என்று எல்லாரும் சொல்லுவார்கள், அப்படி இல்லை. நடிகர்கள் தொழிலைக் கைவிடுகிறேன் என்று சொல்லாமல் செத்தால் அப்போது கோயில் அடக்கம் கிடையாது. மனைவி அர்மாந்து அரசரிடம் போய்க் கெஞ்சி, கடைசியில் இரவில், ஆரவாரம் இல்லாமல் புதைக்க விட்டார்கள்.

இதைக் கேட்ட பிறகு நான் செத்துக் கிடக்கிற காட்சியை வாசிக்கவில்லை. அதில் படுக்க முன்னம் ஆர்கான் கேட்பார், "செத்தவன் மாதிரி நடிப்பதில் ஏதும் ஆபத்து இல்லையா?" முதல் தடவை அதை நான் பெரிய பகிடியாக வாசித்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் மகளோடு அந்தப் பக்கம் போனேன். அவர் நடித்த அந்தக் கதிரை இன்னும் கொமெதி-ஃபிரான்சேஸ் நாடக அரங்கில் கண்ணாடிக்குள் இருக்கிறது என்றாள். நாடகத்துக்குச் சீட்டு எடுக்கவில்லை, ஆகவே பார்க்கவில்லை, உள்ளதைச் சொல்கிறேன். வெளியே தெருவில் அவருடைய சிலை வைத்த நீரூற்று இருக்கிறது, அதன் பக்கத்தில் நின்று அவள் படம் எடுத்துக்கொண்டாள்.

அந்தக் கடைசிச் சடங்கைப் பற்றி ஒன்று. பள்ளிக்கூடப் பிள்ளைகள் அதை வேகமாகத் தாண்டிவிடுவார்கள், லத்தீனும் இல்லை பிரெஞ்சும் இல்லை, யாருக்கு விளங்கும். இடையில் வருகிற ஆட்டம் பாட்டும் அப்படித்தான், அச்சில் பார்த்தால் செத்த எழுத்து. இசை ஷர்பான்தியேயுடையது, அதற்கு முன் மொலியேரோடு வேலை செய்த லுல்லி 1672இல் இசை நாடக உரிமையைத் தன் பெயரில் அரசரிடம் வாங்கிக்கொண்டு பிரிந்துவிட்டார். ஆனால் மகளின் சோதனைத் தலைப்பே 'காட்சியும் நகைச்சுவையும்' என்பது. ஆகவே ஒரு பதிவை எடுத்து வைத்துப் பார்த்தோம், பார்த்தால் அதுதான் உச்சம். எந்த வருத்தத்தைச் சொன்னாலும் புது மருத்துவர் ஒரே பதிலைப் பாடுகிறார், எனிமா கொடு, பிறகு இரத்தம் எடு, பிறகு பேதி கொடு. கூட்டம் முழுக்க 'திக்னுஸ், திக்னுஸ்' என்று தகுதி வழங்குகிறது. விளங்காத பாஷையில் பேசத் தெரிந்தால் போதும், அங்கியைப் போட்டுக்கொள், அதிகாரம் உன்னுடையது. இதை எனக்கு யாரும் பென்சிலால் ஓரத்தில் எழுதித்தரத் தேவை இருக்கவில்லை. எத்தனை கவுண்டருக்கு முன்னால் தலையாட்டிக்கொண்டு நின்றிருக்கிறேன், எத்தனை கடிதத்தை எட்டு வயது மகளை நிற்க வைத்து வாசிப்பித்திருக்கிறேன். அப்போது எனக்கு அவள் துவானெத்.

ஆனி மாதக் கடைசியில் வாய்மொழிச் சோதனை. வெளியே காரில் இருந்தேன், அவளைவிட எனக்குத்தான் வயிறு கலக்கியது, ஃப்ளோரானின் மருந்து எதுவும் இல்லாமலேயே. வந்து கதவைத் திறந்து ஏறினாள். பரிசோதகர் விரல் வைத்தது மொலியேரில் இல்லை, கவிஞர் போதலேரில். அதுவும் வீதியோரத்தில் அழுகிக் கிடக்கிற பிணத்தைப் பற்றிய கவிதை. ஏழு இரவும் போச்சு என்று நான் ஸ்டியரிங்கில் கையை வைத்துக்கொண்டு இருந்தேன். "பொறுங்கோ அப்பா" என்றாள். இரண்டாவது பகுதிக்கு அவள் தெரிவு செய்திருந்த படைப்பு கற்பனை நோயாளி. தொமாவைப் பற்றித்தான் தொடங்கினாளாம். இரண்டு நிமிடம் கதைத்திருப்பாள், பரிசோதகர் நடுவில் குறுக்கிட்டு ஏதோ கேட்டிருக்கிறார்.

"நிண்டிட்டியோ?"

"இல்லை. ஆனால் அந்த வசனம் நாக்கு நுனி வரைக்கும் வந்தது, அம்மணி, என் வாக்கியத்தின் நடுவில் எண்டு. கடிச்சு விழுங்கினன்."

சொல்லியிருக்கலாம் என்பது என் கருத்து. அவள் தலையில் அடித்துக்கொண்டாள். ஆடி மாதம் புள்ளி வந்தது, வாய்மொழியில் பதினாறு, எழுத்தில் பன்னிரண்டு. எழுத்துக்கு நான் ஒன்றும் செய்யவில்லை, அதற்கு நான் பொறுப்பும் இல்லை.

இப்போது தம்பிக்காரன் பதினோராம் வகுப்பு. மூன்று நிற மை தீட்டின அந்தப் புத்தகத்தை அக்கா பத்திரமாக எடுத்து வைத்திருந்து கொடுத்தாள், ஆனால் நாடகப் பட்டியல் மாறிவிட்டது. அவனுடைய ஆசிரியர் எடுத்திருப்பது கோர்னேயின் 'லு மான்தர்', பொய்யன். வெளியூரில் சட்டம் படித்துக்கொண்டிருந்துவிட்டு பாரிசுக்கு வந்து, ஜெர்மனியில் போரில் நின்றேன் என்று பெண்களுக்கு அளந்துவிடுகிற ஒரு பொடியன். செய்யுள் வேறு, வரிக்குப் பன்னிரண்டு அசை, என் நாக்குக்கு எப்படிப் புரளப் போகிறதோ தெரியாது. ஆர் வேஷம் எனக்கு என்று கேட்டேன். தகப்பன் வேஷம்தானாம், மகன் சொல்லுகிற எல்லாப் பொய்யையும் நம்புகிற ஆள். மணிக்கு ஐந்து யூரோ என்று நானும் சொல்லிவிட்டேன்.